சாலைவழி வந்த வள்ளம்

நாற்பதைத் தாண்டக் கூடாது. முள் நாற்பதைத் தொட்டதும் வலது காலைத் தளர்த்துகிறேன், முப்பத்தெட்டு, முப்பத்தாறு, போதும், இப்படியே உருண்டால் போதும், சாயல்குடி, அப்புறம் வேம்பார், அப்புறம் வைப்பாற்றுப் பாலம், பாலத்தைத் தாண்டினால் ஊர். பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் மேல் அண்ணனின் வள்ளம் வருகிறது. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, அலை ஏறப் போகிற மாதிரி வருகிறது. வள்ளத்தின் மேல் குற்றமில்லை, குற்றம் என் வண்டியின் மேல். வண்டியை ஆறு அங்குலம் தூக்கி, என் இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டிய பிறகு பின்னால் இருக்கிற இழுவைக் கொக்கியும் கூடவே உயர்ந்துவிட்டது. கொக்கி உயர்ந்தால் டிரெய்லரின் முன்பக்கம் உயரும், பாரமெல்லாம் பின்னால் சரியும், பின்பாரமான டிரெய்லர் வேகம் கூடினால் இடமும் வலமுமாக ஆடும், ஆட ஆரம்பித்தால் கடைசியில் வண்டியையும் சேர்த்துச் சாலைக்குக் கீழே இழுத்துப் போடும். கொக்கியை இறக்கிப் பொருத்த ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது, அதை மாட்டாமல் எதையும் இழுக்காதே என்று மெக்கானிக் இரண்டு முறை சொன்னான். மாட்டவில்லை. அதற்குப் பதில் கூரையில் நான்கு விளக்கு மாட்டினேன். காலையில் வாலிநோக்கம் கரையில் ஆறு சாக்கில் மணல் அள்ளி வள்ளத்தின் முன்மூக்கில் அடுக்கினேன், பாரம் முன்னால் வரட்டும் என்று. அந்த ஊர்க்காரர் ஒருவர் சாக்குகளைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. செத்தவன் வீட்டுக்காரனிடம் யார் என்ன கேட்பார்கள். நாற்பது. காலைத் தளர்த்து.

பக்கத்தில் மைனி இருக்கிறாள், அண்ணனின் மனைவி ஜெசிந்தா. நீங்க வர வேண்டாம் மைனி, நான் மட்டும் போய்க் கொண்டாந்திருதேன் என்றதற்கு, "அவுக வள்ளம். நான் வராம எப்படி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இந்த வண்டியில் ஏற அவளுக்கு எட்டவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கீழே போட்டேன், அதில் ஏறி, சேலையை ஒரு கையால் பிடித்து, கதவின் மேல்கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறினாள், அந்தத் தொங்கலை என்னால் பார்க்க முடியவில்லை. இப்போது மடியில் ஒரு தண்ணீர் கோரியை வைத்திருக்கிறாள். எண்ணெய்க் கேனைப் பாதியாக அறுத்து அண்ணன் செய்தது. கயிறு போட்டு வள்ளத்தில் கட்டியிருந்ததால் அது மட்டும் மிஞ்சியது. என்ஜின் இல்லை, சாப்பாட்டு வாளி இல்லை, அண்ணன் இல்லை. பதினெட்டு நாளாகக் கடலில் மிதந்துவிட்டு வள்ளம் மட்டும் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றோடு வடகிழக்கே போய் வாலிநோக்கத்தில் ஒதுங்கியிருக்கிறது, அடியில் தெர்மாகோல் வைத்துப் பூசியிருப்பதால் ஃபைபர் வள்ளம் தண்ணீர் நிறைந்தாலும் தாழாது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குக் கை இருக்கிறதே, கை எத்தனை மணி நேரம் பிடிக்கும். கோரியின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. வேகவேகமாக அள்ளி ஊற்றினால் வள்ளத்தின் விளிம்பில் இடித்து நசுங்கும். மைனியின் பெருவிரல் அந்த நசுங்கலுக்குள் போய் வருகிறது, போய் வருகிறது. அதை நான் பார்க்கக் கூடாது. சாலையைப் பார். உடைமரம், உடைமரம், ஒரு பனை, உடைமரம்.

சரி, நீ பாரு. அண்ணன் அப்படித்தான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை, வேறு வேலையைப் பார்க்கப் போகிறவன் குரலில் சொன்னான், சரி, நீ பாரு. ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பூசை முடிந்து வந்து போன் பண்ணியிருந்தான். "கித்தேரி, வள்ளத்துல பின்னால அடித்தட்டு கீறிட்டு. தருவைக்குளத்துல ஃபைபர் பூசுதவன் நாளைக்கு மட்டும்தான் இருப்பானாம், அப்புறம் ரெண்டு வாரம் கேரளாவுக்குப் போறானாம். ஒன் வண்டியில கட்டி இழுத்துக் கொண்டுபோய் விட்டுரலாமா." அவ்வளவுதான் கேட்டான். இருபது கிலோமீட்டர், அரைமணி நேர வேலை. எட்டு வருஷம் கப்பலில் எண்ணெய் துடைத்துத் திரும்பி வந்து இந்த வண்டியை வாங்கியபோது வீட்டில் எல்லோரிடமும் நான் சொன்ன காரணமே அதுதான், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மணலில் புதையாது, அண்ணன் வள்ளத்தைக் கரையேற்ற இனி பத்துப் பேரைக் கூப்பிட வேண்டாம். அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கட்டிலுக்கு மேல கட்டில் போட்ட மாதிரில்லாடே இருக்கு என்று சிரித்தான். அன்றைக்குப் போன் வந்தபோது நான் திருச்செந்தூருக்கு மேற்கே போகிற சாலையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் நான்கு வண்டிகள் வந்திருந்தன, எல்லாம் தூக்கிக் கட்டிய வண்டிகள், தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம், ஒருவன் பறக்கும் கேமரா கொண்டுவந்திருந்தான். வாயில் பாதி வடை. அதை மென்றுகொண்டே சொன்னேன், "வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குண்ணே. செவ்வாக்கெழமதான் குடுப்பான்." எதற்கு அதைச் சொன்னேன். வேறு இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், அண்ணன் சாயங்காலம்வரை இருந்திருப்பான். விளையாடப் போகிறேன் என்று சொல்ல வெட்கம். முப்பத்தாறு வயதில் மணலில் வண்டி ஓட்டி விளையாடப் போகிறேன் என்று, கடலுக்குப் போகிற அண்ணனிடம் சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்காதா என்று பதினெட்டு நாளும் தோண்டிப் பார்த்துவிட்டேன், சொத்துத் தகராறு, பழைய பகை, ஏதாவது ஒன்று. ஒன்றும் இல்லை. வெட்கம், பாதி வடை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்றைக்கே கீறல் வள்ளத்தைக் கடல்வழியாகத் தருவைக்குளத்துக்கு எடுத்துப் போன அண்ணன் கூட யாரும் இல்லை, கூட்டாளி கஸ்பாரைக்கூட எழுப்பவில்லை, கரையோரமாகவே போய்விடுவேன், பத்து கோரு கோரினால் போதும் என்று மைனியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடலில் வேறு வள்ளமும் இல்லை. கீறல் எப்போது விரிந்தது, காற்று எப்போது வெளியே தள்ளியது, என்ஜின் எப்போது நின்றது, பார்த்தவர் யாரும் இல்லை. நான் மட்டும் அந்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்று படம் இருக்கிறது, மேலேயிருந்து எடுத்தது, சிவப்பு மணலில் என் வண்டி ஒரு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் குதிக்கிறது, சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். திங்கள் மதியம்தான் அண்ணன் தருவைக்குளத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது. முப்பது வள்ளம் தேடப் போயிற்று, நானும் போனேன், நான்கு நாள் போனேன், போவதற்கு முன்னால், அண்ணனைக் காணோம் என்று கேட்ட அந்தக் கணத்துக்குப் பின்னால் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவினேன். டயர் இடுக்கிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. எங்கள் ஊரில் மணல் வெள்ளை. சிவப்பு மணலைப் பார்த்தால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று, அண்ணன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில், குனிந்து, குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். நாற்பத்தைந்து. கண்ணாடியில் வள்ளத்தின் மூக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம். காலைத் தளர்த்து. பிரேக்கைத் தொடாதே. தளர்த்து.

சாயல்குடியில் நிறுத்தி டீ வேண்டுமா மைனி என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். பெல்ட்டுகளை இறுக்கிவிட்டு, டிரெய்லர் டயர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். வேம்பாரை நெருங்கும்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள், என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே. "எனக்கு அவுக மேல கோவம், கித்தேரி." "எல்லாரும் நான் அழலேங்கிறாவ. எங்கம்மைகூட, அழுதிருளா, அழுதா எறங்கிரும்னு சொல்லுதா. எங்கேருந்து அழ. கோவம்தான் வருது. செவ்வாக்கெழம வண்டி வந்திரும்னு தம்பி சொல்லியிருக்கான்லா, ரெண்டு நாளு பொறுத்தா என்ன, அந்தப் பூசுதவன் போனா வேற ஆளு இல்லையான்னு வாசல்ல நின்னு கேட்டேன். பேசாம இரு, நான் போயிட்டு வந்திருதேன்னாவ. நான் பேசாம இருந்துட்டேன்." நசுங்கலுக்குள் பெருவிரல். "அமலிகிட்டயும் சொல்லிட்டேன். உங்கப்பா அவசரக்காரரு, அவசரத்துலயே போயிட்டாருன்னு. புள்ள ஒரு மாதிரி பாத்தா. சாமியாரு பூசைக்கு எழுதிக் குடுக்கச் சொன்னாரு. எழுதல. கோவத்தோட எப்படி எழுத." உடைமரம். ஒரு பஸ் எதிரே வந்து போனது, அதன் காற்று வண்டியை ஒரு தட்டு தட்டியது. அண்ணன் அவசரக்காரன் இல்லை. அவனைப் போல நிதானமான ஆளைக் கடற்கரையில் பார்க்க முடியாது, அலையை எண்ணி எண்ணி வள்ளம் இறக்குகிறவன், எனக்கு நீச்சல் பழக்கும்போது மூன்று மாதம் முழங்கால் தண்ணீரைத் தாண்ட விடாதவன். அவனைச் சாகடித்தது போதாது, இப்போது அவன் பெயரையும் மகளின் மனசில் அவசரக்காரன் என்று நான் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடு. இப்போது வேண்டாம், ஊருக்குப் போய். ஊரில் எப்படி, எல்லோரும் இருப்பார்கள். அப்படியானால் சொல்லாதே, யாருக்குத் தெரியும், மணலையும் கழுவியாகிவிட்டது. சொல்லாவிட்டால் இவள் இந்தக் கோபத்தோடேயே கிழவியாவாள், செத்தவன் படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாமல். சொல்லிவிடு. முப்பத்தெட்டு. முப்பத்தாறு. "வண்டி ஒர்க்‌ஷாப்ல இல்ல மைனி," என்றது என் வாய்.

அவளுக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. "எப்போ" என்றாள். "அன்னைக்கு. அண்ணன் போன் பண்ணப்போ. வண்டி எங்கிட்டதான் இருந்துச்சு." என்ஜின் சத்தம், டயர் சத்தம், பெரிய டயர்கள், மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு இதுவரை தெரியாது. "எங்க இருந்த." "தேரிக்காட்டுல." "அங்க என்ன வேல." "வேல ஒண்ணும் இல்ல. சும்மா. மணல்ல ஓட்டிப் பாக்கப் போனோம்." அவள் அந்த வார்த்தையை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், "சும்மா." என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் ஸ்டியரிங்கை விடாமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன், அந்த நேரத்திலும் அதை நினைத்தேன். "நிறுத்து" என்றாள். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஸ்டூலை எடுக்க நான் இறங்கி வருவதற்குள் அவள் கதவைத் திறந்து, இருக்கையிலிருந்து சறுக்கி, சாலையோரச் சரளையில் விழுகிற மாதிரி இறங்கிவிட்டாள். முழங்கை உரசி ரத்தம் தெரிந்தது. பஸ்ஸைப் பிடித்துப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பின்பக்கம் நடந்தாள், கோரியை உள்ளே எறிந்தாள், டிரெய்லர் சக்கரத்தின் மேல்மூடியில் கால் வைத்து, விளிம்பைப் பிடித்து ஏறி வள்ளத்துக்குள் இறங்கினாள். பின்னால் போய் உட்கார்ந்தாள், என்ஜினைப் பிடிக்கிற ஆள் உட்காரும் குறுக்குப் பலகையில். அதற்கு ஒரு முழம் தள்ளிதான் கீறல்.

நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். "மைனி, பின்னால பாரம் ஏறுனா வண்டி ஆடும். முன்னால மூட்டைகிட்ட வந்து உக்காருங்க. இல்லேன்னா உள்ள வந்துருங்க, நான் பேசல." அவள் ஊர் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவாப் போ" என்றாள். மெதுவாகத்தான் போகிறேன். பதினைந்து. பதினாறு. இந்த வேகத்தில் மனசு வண்டியை விட வேகமாகப் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டு நின்று திரும்பிப் பார்க்கிறார். பஸ் ஜன்னல்களில் முகங்கள். வேம்பார் டீக்கடையில் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள், கூரையில் நான்கு விளக்கு, யானைக்கால் டயர், அதன் பின்னால் சாலை நடுவில் ஒரு வள்ளத்தில் தனியாக ஒரு பொம்பளை. ஒருவர் கும்பிட்டார், எதற்கென்று தெரியவில்லை. கண்ணாடியில் அவள் சின்னதாகத் தெரிகிறாள். அங்கேதான் அவனும் உட்கார்ந்திருப்பான், அதே பலகை, காலுக்குக் கீழே தண்ணீர் ஏறுகிறது, ஒரு கையில் என்ஜின், ஒரு கையில் கோரி, எத்தனை கோரு கோரியிருப்பான், ஐநூறா, ஆயிரமா, எந்தக் கோருக்கும் அடுத்த கோருக்கும் நடுவில் கை நின்றது. அந்த நடுவில் என்னை நினைத்தானா. வண்டி ஒர்க்‌ஷாப்பில் இல்லாமல் இருந்திருந்தால் தம்பி வந்திருப்பான் என்று நினைத்திருப்பான். என்னை நம்பிக்கொண்டேதான் போயிருப்பான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பாலத்தில் ஏறும்போது காற்று வலது பக்கமிருந்து அறைந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, கருவேலமும் மணலும், தடுக்க ஒன்றும் இல்லாமல் காற்று நேராக வருகிறது, உயர்ந்த வண்டி, காற்றுக்கு நல்ல தோது. பின்னால் ஒரு லாரி பொறுமை இழந்து ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டியது, அது காற்றை ஒரு கணம் மறைத்து, தாண்டியதும் திறந்துவிட்டது, அப்போது பின்பக்கத்தை யாரோ கையால் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் வள்ளம் இல்லை. மறு கண்ணாடியில் இருந்தது. மறுபடி இந்தக் கண்ணாடியில். ஆடுகிறது. பிரேக்கைத் தொடாதே, தொட்டால் மடியும், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான், அதற்கு அப்பால் இருபதடி. கால் பிரேக்குக்குப் போகிறது, என்னுடைய கால் என் பேச்சைக் கேட்காமல் போகிறது, அதைத் தூக்கித் தரையில் ஊன்றினேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடி, திருப்பாதே, திருப்பத் திருப்பக் கூடும், விட்டுவிடு, தானாகக் குறையட்டும், பதினான்கு, பன்னிரண்டு, அவள் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், எழுந்து நிற்கவில்லை, கத்தவில்லை, என்னைப் பார்க்கிறாள், கண்ணாடி வழியாக அவள் என்னையே பார்க்கிறாள், சேசுவே, இவளையும் கொன்றுவிடப் போகிறேன், பத்து, ஒன்பது, ஆட்டம் ஒரு முழமாயிற்று, ஒரு சாணாயிற்று, நின்றது. பாலம் முடிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் போனேன்.

"மைனி, தயவுசெய்து எறங்குங்க. நான் வேணும்னா வண்டியை இங்கனயே போட்டுட்டு ஊர்ல ஆளக் கூட்டிட்டு வாரேன்." அவள் முழங்கை ரத்தம் காய்ந்திருந்தது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள அவுக எவ்வளவு நேரம் இருந்திருப்பாவ" என்று கேட்டாள். வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "தெரியல மைனி." "ராத்திரிவரைக்கும் இருந்திருப்பாவளா." "தெரியல." "பதினெட்டு நாளா நான் அதை யோசிச்சாச்சு. இனி நீ யோசி." அப்புறம் கோரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு பலகையாகத் தாண்டி முன்னால் வந்து, மணல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். "அமலிக்கு நான் சேதாரமில்லாமப் போணும்," என்றாள். "போ."

ஊர் முகப்பிலேயே ஆட்கள் நின்றிருந்தார்கள். மாதா கெபிக்குப் பக்கத்தில் பெண்கள், கடற்கரைத் திருப்பத்தில் ஆண்கள், பள்ளிச் சீருடையோடு அமலி. சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தினேன். வள்ளத்தைப் பார்த்ததும் எல்லோரும் கிட்டே வந்து கை வைத்தார்கள், உயிருள்ள மாட்டைத் தொடுகிற மாதிரி. கஸ்பார் அண்ணன்தான் என் ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து கேட்டார். "ஏம்டே, பொம்பளய அதுக்குள்ள உக்கார வச்சா இவ்வளவு தூரம் கொண்டாந்த?" நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து மைனியின் குரல் வந்தது. "அவன் சொல்லுவான்." எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லோருடைய உச்சந்தலையும் தெரிகிற உயரம் இது. அங்கிருந்து சொல்லக் கூடாது என்று தோன்றியது. இறங்கினேன். சொன்னேன். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, நாலு வாக்கியம், அண்ணன் கூப்பிட்டான், வண்டி என்னிடம் இருந்தது, இல்லை என்று சொன்னேன், விளையாடப் போனேன். யாராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். கஸ்பார் அண்ணன் கொஞ்ச நேரம் என் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பின்னால் போய்க் குனிந்து, கொக்கியின் பூட்டைத் தட்டி எடுத்து டிரெய்லரைக் கழற்றினார். கயிறு கொண்டுவரச் சொன்னார்.

இனி இருக்கிற முந்நூறு அடியும் மணல். இந்த வண்டி செய்யப்பட்டதே அந்த முந்நூறு அடிக்காகத்தான். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தார்கள், டிரெய்லரின் சக்கரம் மணலில் அச்சுவரை புதைந்தது, தோளைக் கொடுத்துத் தூக்கினார்கள், பத்தடி இழுத்தார்கள், நின்றார்கள், மறுபடி பத்தடி. நான் போய்க் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், திட்டவில்லை, கயிற்றை மட்டும் என் கையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டார். அமலி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். மைனி மேலேயிருந்து குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள், நீளமாகச் சொன்னாள், பிள்ளை நடப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். எனக்குப் பின்னால் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, அணைக்க மறந்திருக்கிறேன். திரும்பிப் போய், கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. வள்ளம் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் ஆறேழு பேர் கையை நீட்டி மைனியை இறக்கினார்கள். கால் மணலைத் தொட்டதும் அவள் வள்ளத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாய் திறந்திருந்தது. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ஜின் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தேன். அப்போது கேட்டது.